வாளுக்கு வட்டி

தடைக்காலத்தின் பதினேழாம் நாள்.
தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனி மாடியில்
காற்றுக்கு வரைபடம் பறந்துவிடாமலிருக்க
நான்கு மூலையிலும் வலைக்குண்டு.
இருபது முகப் பகடை உருண்டுபோய்
டீ கிளாஸில் முட்டி நின்றது.

"இந்த வாளை
என்ன விலைக்கு எடுப்பாய்ங்க?"
கேட்டவன் நம்புராஜன்.

போன தடைக்காலத்தில் தேடத் தொடங்கி
இந்தத் தடைக்காலத்தில் கைக்கு வந்த வாள்.
மூழ்கிய அரசனின் விலா எலும்புகளுக்கிடையில் கிடந்தது.
பக்கத்தில் யாராவது பொய் சொன்னால்
நீலமாகக் கனலும்.

அந்த உலகம் என்னுடையது.
பகலில் ஐஸ் கணக்கு எழுதும் பேரேட்டின்
பின்பக்கத்தில் இருக்கிறது.
அதில் கோட்டைகள் உண்டு, வரி உண்டு, கொள்ளைநோய் உண்டு.
மாயப்பொருளுக்குக் கடை மட்டும் இல்லை.
கடை வைத்தால் வாளுக்குப் பெயர் போய்விடும்,
முதல் ரகம், இரண்டாம் ரகம், இன்றைய ரேட் என்று
இறால் மாதிரி ஆகிவிடும் என்றேன்.

கீழக்கரை ரிஃபாய் விடவில்லை.
"அப்ப மூட்டை மூட்டையா
தங்கம் குடுத்தியே, எதுக்கு?
சத்திரத்துல இட்லி வாங்கவா?"

பிறகு அவனுடைய மாமா கதை.
வலம்புரி ஒன்று வந்ததாம் அவர் தராசுக்கு.
வாங்கிப்போனவர் அதற்குப் பால் வார்த்தார்.
விற்றவன் எஞ்சின் வாங்கினான்.
"ரெண்டுல எது மாயம்?
எஞ்சின் ஓடுச்சுல்ல."

பிரிட்டோவுக்குக் கோபம்.
எஞ்சின் பிரித்துப் பிரித்து நகம் கறுத்தவன்,
எஞ்சினை யாரும் மாயம் என்றால் பிடிக்காது.
"எடுத்த அன்னைக்கு அவன்
தண்ணிக்குள்ளயே சிரிச்சிருப்பான்டா.
வாய் நிறைய உப்பு.
அதை எந்தத் தராசுல வச்சாரு உங்க மாமா?"

சரி, பார்த்துவிடலாம் என்று
ஒரு வியாபாரியை வரவழைத்தேன்.
நானே கண்ணைச் சுருக்கி,
நானே வெற்றிலை மென்று,
"சுமாரான வாள்தான்" என்றேன்.
வாள் நீலமானது.
"இதுக்கு மேல கட்டுப்படியாகாது."
நீலம்.
"உங்களுக்காகத்தான் இந்த விலை."
கடை முழுக்க நீலம்.
நம்புராஜன் மட்டும் குறைந்தவனா?
"வேற ஒருத்தரும் கேட்டாரு."
தெருவே நீலம்.
சிரித்த சிரிப்பில்
கீழே ஐஸ் உடைப்பவர்கள் கையை நிறுத்தி
அண்ணாந்து பார்த்தார்கள்.

வியாபாரி வாயை மூடினார்.
நம்புராஜனும் மூடினான்.
வாள் அணைந்தது.

அந்த இருட்டில் சொன்னான்:
"விக்கலங்க. அடகு வைக்கிறேன்."

வாள் கனலவில்லை.
எங்களில் யாரும் சிரிக்கவில்லை.
அவன் மனைவியின் சங்கிலி
மாசியிலிருந்து எங்கே கிடக்கிறதென்று
மேசையைச் சுற்றி எல்லோருக்கும் தெரியும்.
பிரிட்டோவின் வண்டி ஆர்.சி.யும் அதே தெருவில்தான்.

பேரேட்டின் பின்பக்கத்தில் சீட்டு எழுதினேன்.
பொருள்: வாள், ஒன்று.
எடை: காலியாக விட்டேன்.
வட்டி: மாதம் நூற்றுக்கு இரண்டு.
"தங்கத்துல கட்டுறியா?"
"இல்ல, அதோட வெளிச்சத்துல கழிச்சுக்க."

விற்கலாமா கூடாதா என்று
நான் வைத்திருந்த சட்டத்தில்
இப்படி ஒரு வாசல் இருந்ததே தெரியாது.
மாதம் இரண்டு பங்கு மங்கும் மாயத்துக்கு
எந்த விதிப்புத்தகத்திலும் அட்டவணை இல்லை.
இரவெல்லாம் கூட்டிப் பார்த்தேன்.
ஐம்பது மாதம்.
அதற்குப் பிறகு அது வெறும் இரும்பு.

தடை முடிந்த விடியல்.
நொறுக்கிய ஐஸ் குழாயில் சரசரத்து
படகின் வயிற்றில் இறங்கியது.
பேரேட்டை முன்பக்கம் திருப்பினேன்:
நம்புராஜன், நாற்பது பார், கடன்.
"எப்பத் தருவ?"
"வந்ததும் முதல் வேலை அதுதான்."

படகு கிளம்பியது.
பாம்பன் பாலம் மெல்லத் துலங்கியது.
நிமிர்ந்து பார்த்தேன்,
கடல் முழுக்க நீலம்.

எப்போதும் அப்படித்தானே இருக்கும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
பேரேட்டை மூடினேன்.