அங்க அடையாளம்

ஒன்பதாவது படிக்கையில் அம்மை போட்டது.
வீட்டில் யாரும் நோய் என்று சொல்லவில்லை,
முத்து என்றார்கள்.
கழுத்தில் பதினொன்று,
முதுகில் எண்ணவில்லை,
முகத்தில் ஏழு.

சொறியக் கூடாதென்று ராத்திரி
இரண்டு கைக்கும் பள்ளிக்கூட சாக்ஸை மாட்டி
மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுவிட்டாள் அம்மா.
இடது கை சாக்ஸ்
எப்போது கழன்றதென்று இன்றுவரை தெரியாது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி
படுக்கை வேப்பிலையை அள்ளி ஓடையில் போட்டதும்
ஆறு முத்து சொல்லிக்கொண்டு இறங்கியது.
ஏழாவது
இடது கன்னத்தில் குழி வைத்துவிட்டுப் போனது,
ஓர் உளுந்தம்பருப்பு உட்கார்ந்து எழுந்த அளவு.

பத்தாவது பரீட்சைக்குப் பாரம் நிரப்புகையில்
கணக்கு டீச்சர் கேட்டார்:
'மச்சம் எங்கட்டி இருக்கு?'
முழங்கையைக் காட்டினேன்.
'இன்னொண்ணு?'
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
நிமிர்ந்து பார்த்தார், எழுதினார்:
இடது கன்னத்தில் ஒரு தழும்பு.
எனக்கு முப்பிடாதி என்று பேர் வைத்திருக்கிறார்கள்,
அது அடுத்த கட்டத்தில் இருந்தது.

கங்கைகொண்டான் பெட்ரோல் பங்க்கில்
மூன்றாம் பம்பு என்னுடையது.
பக்கத்துப் பம்பில் சொரிமுத்து அண்ணன்.
'உங்க பேர்ல சின்ன ர-வை எடுத்துட்டுப்
பெரிய ற போட்டா அது என் கதைண்ணே' என்பேன்.
சிரிக்க அவருக்கு ஒரு லாரி டேங்க் நிரம்ப வேண்டும்.

சீட்டு எடுத்த பணத்தோடு
பாளையங்கோட்டை தோல் டாக்டரிடம் போனேன்.
மரத்துப்போகிற களிம்பு முக்கால் மணி நேரம்,
அப்புறம் ஊசி முளைத்த உருளை,
குறுக்கே, நெடுக்கே, கோணலாக.
ஆறிய புண்ணை மறுபடி புண்ணாக்குவதற்கு
நாலாயிரத்து ஐந்நூறு.
'குத்தினாத்தான் தோலுக்குத் தன் வேலை ஞாபகம் வரும்' என்றார் டாக்டர்.
எனக்கு அது சரியென்று பட்டது.
'அறுபது சதவீதம் குறையும், முழுசாப் போகாது.
வெயில்ல மட்டும் நிக்காதீங்க.'

சித்திரை மாதம்.
நாலு வழிச் சாலை.
தலையாட்டிவிட்டு வந்தேன்.
இரண்டு விரல் நீளம் சன்ஸ்கிரீன்,
மூன்று மணிக்கொரு தரம்.
'என்ன தாயி, மாவு மில்லுலயா வேலை?'
என்று கேட்டுவிட்டு
டீசல் போட்டுக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது சிட்டிங் முடிந்து இருபதாம் நாள்
குளியலறை மஞ்சள் பல்பில்
அது சட்டென்று அகப்படவில்லை.
சந்தோஷமாகத்தான் இருந்தது.
ஆனாலும் விரல் தானாகப் போய்
இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது.

கொக்கிரகுளத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு.
வரிசையில் நாற்பத்தி இரண்டாவது ஆள் நான்.
முழங்கை மச்சம் சரி.
'தழும்பு எங்கம்மா?'
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்,
இறக்கினார்,
ஜன்னல் பக்கம் என்னைத் திருப்பினார்.
பொண்ணு பார்க்க வந்த இரண்டு வீட்டாரும்
வந்து உட்கார்ந்ததும் பார்த்ததை
இந்த மனிதரால் பார்க்க முடியவில்லை.

கைக்குட்டையால் கன்னத்தைத் துடைத்தேன்.
செல்போன் டார்ச்சை அடித்தார்.
'நேரா அடிச்சா தெரியாது சார்,
காதுப் பக்கமா சாய்ச்சுப் பிடிங்க.'
எனக்குப் பின்னால் நாற்பத்தி மூன்றாவது ஆள்
எட்டிப் பார்த்தான்.
'ஆமா, கெடக்கு' என்றார்.

கெடக்கு.
டாக்டரால் எடுக்க முடியாமல் போன
நாற்பது சதவீதத்துக்கு நேரே
பச்சை மையில் ஒரு டிக்.

வியாழக்கிழமை நாலாவது சிட்டிங்.
'போவியாட்டி?' என்றார் சொரிமுத்து அண்ணன்,
பம்புக்கு அந்தப் பக்கமிருந்து.
ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.
குழாயை எடுத்தேன், பழைய எண் அழிந்தது.
'ஜீரோ பாத்துக்கோங்க' என்றேன்
கார்க்காரரிடம்.