கன மீட்டர் கணக்கு

ஜேக்கப்ஸில் பழைய சாமான் வாங்குகிறவர்
சிப்ஸ் உறையைத் தராசில் வைக்கவே விடமாட்டார்.
"பாட்டில் இருந்தா கொண்டா, பூபாலா.
இது குப்பைக்கும் குப்பை."

உம்கேனி வெள்ளம் கரையில் துப்பிப்போன அதைத்தான்
கழுவி, நறுக்கி, உருக்கி, வாயு ஏற்றினோம்.
முதல் வார்ப்பு
புளிக்காத மாவாய் அமுங்கிக் கிடந்தது.
நொம்வூலா முகர்ந்துவிட்டு
"இன்னும் வெங்காய வாசம்" என்றாள்.

நாலாம் நாள், சூட்டை மூன்று டிகிரி குறைத்தபின்,
அச்சின் மூடியை முட்டிக்கொண்டு எழுந்தது.

ஒரு பலகை அவள் வீட்டுத் தகரக் கூரைக்கடியில் இருக்கிறது.
மழை இப்போது
பக்கத்து வீட்டில் பெய்கிற மாதிரி கேட்கிறதாம்.

நான் பில் எழுதுகிறேன்:
பத்தில் ஒன்பது பங்கு காற்று.
கூசவில்லை.
கடையில் வாங்கிப் பிரித்த அன்றும்
உறைக்குள் பாதி அதுதானே.