சுற்று

செவ்வாயும் வெள்ளியும்
விரிப்புகளை மாற்றுவது என் வேலை.
மொந்தெவிதேயோவில், மருத்துவமனைக்குப் பின்தெருவில்
வெளியூர்க் குடும்பங்கள் தங்கும் வீடு.
பதினோரு அறை. லிஃப்ட் பாதி நாள் ஓடாது.

அஞ்சலகத்தில் முப்பத்தோராண்டு
முத்திரை குத்திய கை இது.
"உங்கள் வீட்டில் யாருக்கு வந்தது?" என்பார்கள்.
யாருக்கும் இல்லை என்றால்
கொஞ்சம் ஏமாந்துதான் போகிறார்கள்.

பயிற்சி இரண்டு சனிக்கிழமை.
எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாதே.
அவர்களைவிட அதிகமாக அழாதே.
மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது,
பிஸ்கட் கொடுக்கும்போது சொன்னார்கள்,
மறந்துவிட்டேன்.

மார்ச்சில் ஆறாம் அறைக்கு வந்தார்கள்,
தகுவரெம்போவிலிருந்து, இராப் பஸ் பிடித்து.
சுல்மா. அவள் கணவர் வாஷிங்டன்
(எங்கள் நாட்டில் அப்படியும் பெயர் வைப்பார்கள்).
பத்து வயது யமிலா,
தன் பையைவிடக் கனமான பிளாஸ்கை
அக்குளில் இடுக்கிக்கொண்டு.

எங்கள் ஊரில் எச்சில் பார்ப்பதில்லை.
ஒரு சுரைக்குடுவை, அதில் மாத்தே இலை,
ஒரே உலோகக் குழல்.
ஒருவர் வெந்நீர் ஊற்ற, ஒருவர் உறிஞ்சித் திருப்பித் தர,
அதே குழலில் அடுத்தவர் வாய்.
பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பியும்
நடுவழியில் பழுதாகி நின்ற லாரிக்காரரும்
இந்தச் சுற்றுக்குள் வந்துவிடுவார்கள்.

மருத்துவமனை தந்த தாளை
சுல்மா விரல் வைத்துப் படித்தாள்.
பச்சைக் காய்கறி கூடாது. தொட்டிச்செடி கூடாது.
பூனை கூடாது. "அதைப் பூனையிடம் யார் சொல்வது?"
பிறர் வாய் வைத்த குழல் கூடாது.
விரல் அங்கேயே நின்றது.

மறுநாளிலிருந்து வாஷிங்டன் குடிக்கவில்லை.
விடியுமுன் மாடுகளைப் பார்க்கப் போகிற மனிதர்,
நாற்பது வருஷப் பழக்கம்.
பின்படிக்கட்டில் உட்கார்ந்து
தலைவலியைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்.
"வயிறு சரியில்லை" என்றார், நான் கேட்காமலே.

ஞாயிற்றுச் சந்தையில் ஒரு குடுவை வாங்கினேன்,
சின்னது, புதுக்குழலோடு.
ஒரு நாள் முழுக்க ஈர இலை அடைத்துப் பழக்கி
செவ்வாயன்று நீட்டினேன்.
சுல்மா பார்க்கவே இல்லை.
"தனியாகக் குடிக்கத்தான்
மருந்து இருக்கிறதே" என்றாள்.

அவமானமாகத்தான் இருந்தது.
தலையணை உறைகளை உதறினேன்,
தேவைக்கு மேலாகவே.

வெள்ளிக்கிழமை கதவு திறந்திருந்தது.
தரையில் சம்மணமிட்டு யமிலா,
இரண்டு குடுவை முன்னால்.
அம்மாவுடையதில் ஊற்றினாள், காத்திருந்தாள்,
குழல் கரகரக்கும்வரை.
பிறகு அப்பாவுடையதில்.
பிறகு அம்மா.
அவசரப்பட்டுக் கை நீட்டிய அப்பாவை
"உன் முறை இல்லை" என்று அதட்டினாள்.
பிளாஸ்க் ஒன்று. முறை ஒன்று.
வாய் மட்டும் வேறு வேறு.

என்னைப் பார்த்தாள்.
"உங்களுக்கு என்ன இருக்கிறது?"
சமையலறைக்குப் போய்
விளிம்பு உடைந்த காப்பிக் கோப்பையைக் கொண்டுவந்தேன்.
வாங்கி, இலை போட்டு,
மூன்றாவது ஆளாக என்னை வைத்தாள்.
குழல் இல்லாததால் பல்லால் வடிகட்டினேன்.
சுல்மா சிரித்தாள், இருமும்வரை.
அன்று நாலு அறைக்கு விரிப்பு மாற்றவில்லை.

குடுவையைத் திருப்பித் தரும்போது
நன்றி என்று சொன்னால்
போதும், எனக்கு இனி ஊற்றாதே என்று பொருள்.
எங்கள் நாட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

ஏப்ரல் கடைசியில் கிளம்பினார்கள்.
அறிக்கையில் என்ன இருந்தது, நான் கேட்கவில்லை.
திரும்ப வருவார்களா என்பதையும்.
வாஷிங்டன் சாவியைத் தந்து நெஞ்சோடு அணைத்தார்.
சுல்மா வாய் திறந்தாள், மூடினாள்,
"கீழ்ப்படி வழுக்குது, பார்த்து இறங்குங்க" என்றாள்,
இறங்கப் போவது அவள்தான் என்றாலும்.

நன்றி மட்டும் சொல்லவில்லை.

ஆறாம் அறை விரிப்பை உருவினேன்.
ஓரத்தில் பச்சையாக ஒரு கறை, உள்ளங்கை அகலம்.
மாத்தே கறைக்கு
இரண்டு முறை அலச வேண்டும்.