நான்காம் பொத்தான்

பகலில் லிஃப்ட் பொத்தான் மாற்றுவது என் வேலை.
இன்சியோன், புப்யோங் பக்கம்,
முப்பது மாடிக் குடியிருப்புகள்.
மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் எண் இருக்காது,
ஓர் ஆங்கில எழுத்து இருக்கும்.
எங்கள் பேச்சில் நாலு என்றால்
சாவு என்றும் காதில் விழும்.
ஏற்கெனவே எரிகிற பொத்தானை
மறுபடி மறுபடி குத்துவார்கள் ஜனங்கள்.
அந்தக் குத்தில்தான் எனக்குச் சோறு.

இரவில் எனக்கென்று ஒரு பெட்டி.
சண்டை விளையாட்டுக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது.
திருப்பிப் போட்டு ஆறு திருகைக் கழற்றினேன்:
சிகரெட் சாம்பல்,
யாருடையதோ ஒரு நகத்துண்டு,
கைப்பிடியை நடுவுக்கு இழுக்க ஒரு ஸ்பிரிங்.
எங்கள் ஊர்க் கைக்கு ஸ்பிரிங் ஆகாது.
அது சொன்ன பேச்சைக் கேட்கும்.
ரப்பர் எதிர்த்துப் பேசும்.
கடினம் பார்த்து மூன்று ரப்பர் வளையம் வாங்கி
ஒவ்வொன்றோடும் ஒரு வாரம் சண்டை போட்டு
நடுவில் உள்ளதை வைத்துக்கொண்டேன்.
சதுரத் தடுப்பை எடுத்துவிட்டு வட்டம்.
உருண்டைத் தலையை எடுத்துவிட்டு
கத்தரிக்காய் மாதிரி ஒன்று.

பிறகு கதவில் ஒரு சீட்டு.
கீழ்வீட்டு ப்யோன், மரியாதையான கையெழுத்து:
*இரவு பதினொன்றுக்கு மேல்
உங்கள் தரையில் யாரோ வேர்க்கடலை உடைக்கிறார்கள்.*
சத்தமில்லாப் பொத்தான் எட்டு வாங்கினேன்.
அடியில் பஞ்சு. கைப்பிடிக்குக் கீழும் பஞ்சு.
ப்யோன் தூங்கினார்.
எனக்குத்தான் எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை,
அமுக்கினேனா, அமுக்க நினைத்தேனா?

அதனால் விளக்கு.
போன சத்தத்துக்கு ஈடாக வெளிச்சம்.
கண்ணாடிப் பொத்தான், அதன் வயிற்றில் எல்ஈடி,
தலைமுடி மாதிரி ஒயர், ஈயம் உருகும் வாசனை,
இடது கட்டைவிரலில் ஒரு கொப்புளம்.
தொட்டால் எரியும், விட்டால் அணையும்.
நாலாவதற்கு நீலம் கொடுத்தேன்.
காரணமில்லை. நீலம்தான் மிஞ்சியிருந்தது.

சனிக்கிழமை, சுரங்கக் கடைத்தெருவுக்கு மேலே,
இன்னும் மூடாத ஒரு கேம் சென்டர்.
பக்கத்தில் மா தே-க்யோம்,
சோரே துறையில் மீன் ஏலம் எழுதுகிறவன்.
கழுவியும் போகாத நண்டு வாடை.
இரண்டு ஆட்டம் நான் ஜெயித்தேன்.
மூன்றாவதில் அவன் திரையைப் பார்க்கவில்லை.
என் மடியைப் பார்த்தான்.
அதன் பிறகு ஒன்றுகூட எனக்கில்லை.
"அக்கா, கோபிக்காதீங்க.
நீலம் மின்னினா
அடுத்து நீங்க பின்னாடி போறீங்க."

அந்த நேரத்தில் நாலாவது பொத்தானுக்கு
ஒரு வேலையும் கிடையாது.
அவன் அடிக்கும் முன்பே,
அடிப்பானோ என்ற நினைப்பிலேயே
என் விரல் அங்கே போயிருக்கிறது.
எத்தனை வருஷமாகவோ.
இருட்டில் இருந்தவரை யாருக்கும் தெரியாது,
எனக்கும்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்.
என் மடியில் மூன்று கிலோ.

வீட்டில் கத்தரியை எடுத்தேன்.
நீல ஒயரை நகத்தால் பிரித்து நிறுத்தி
ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.
வெட்டவில்லை.
விளக்கை மட்டும் தலைகீழாகத் திருப்பினேன்,
மேலே கறுப்பு டேப்,
கீழே நான் திருப்பிப் போடாத
ஒரு திருகின் ஓட்டை.

அடுத்த சனிக்கிழமை.
அவன் என் மடியைப் பார்த்தபடி காத்திருக்கிறான்.
எட்டில் ஏழுதான் பேசுகின்றன.
என் பாவாடையில், முழங்காலுக்கு மேலே,
மிளகளவு நீலம்.

ஓ, வந்துவிட்டாயா, என்றேன் அதனிடம்.
கைப்பிடியை முன்னால் தள்ளினேன்.
ரப்பர் முனகியது.

அடி வாங்கினேன், நல்ல அடி.
ஆனாலும் முன்னால் நின்று வாங்கினேன்.
தே-க்யோம் முதல் தடவையாக
நிமிர்ந்து திரையைப் பார்த்தான்.