கொழிஞ்சாம்பாறை, ஆடி மாதம்

எங்கள் கிணற்றடியில் நின்றால் கேரளத்து டவர்.
மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போனால்
தமிழ்நாட்டு டவர்.
குடத்தோடு நாலடி நடந்தால் போதும்,
இடுப்பில் செருகிய போன் துடிக்கும்.
குடத்தை இறக்கிவிட்டு எடுத்துப் பார்ப்பேன்.
வருக வருக என்று
ஒரு மாநிலம் என்னை வரவேற்றிருக்கும்.

நேர்முகத்துக்கு வரச்சொல்லி
எந்தக் கல்லூரியும் இல்லை.

இருபத்தாறு நாளாயிற்று.
செலினுக்குச் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது.
"உனக்கும் வரும்டீ" என்றாள்.
அந்த 'உம்'மை இரவெல்லாம்
மென்றுகொண்டு கிடந்தேன்.

வில்லேஜ் ஆபீசில் கேட்டார்கள்:
படிச்சது தமிழிலா?
அந்தப் பக்கம் தாலுகாவில் கேட்டார்கள்:
வீடு கேரளாவிலா?
இரண்டுக்கும் ஆமாம் என்றார் அப்பா.
இரண்டு சான்றிதழும் கிடைக்கவில்லை.
மிச்சம் இருந்தது மூன்று டிரஸ்ட் கல்லூரிகள்.

அம்மா பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் பிடிப்பவள்.
கண்ணாடிக் கோல் எந்தக் கோட்டில் நிற்கிறதோ
அதுதான் பேச்சு.
பழனி முருகன்மேல் சத்தியம் செய்தாலும்
கோல் சொன்னதைத்தான் நோட்டில் எழுதுவாள்.
கல்லூரியில் விட்டுப் பார்க்க அப்படியொரு கோல் இல்லை.
அதனால் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு
நோயாளிபோலப் போய் உட்கார்ந்தேன்.

முதலாவதில் வாசலிலேயே நீரூற்று.
சுவரில் பொன்னெழுத்தில் 'கருணை'.
அதன் கீழே நாலு பையன்கள்
தலை குனிந்து
தங்கள் சட்டையின் மூன்றாவது பொத்தானைப்
பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
சீனியர்கள் கடந்துபோகும்வரை அப்படித்தானாம்.
ஒருவன் கழுத்தில் வேர்வை இறங்குவதை
நான் ஒருத்திதான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.
சக்கர நாற்காலி வந்தபோது
லிப்டிலிருந்து யாரும் இறங்கவில்லை.

இரண்டாவதில்
வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.
அதையும் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது, மலையடியில், ஓட்டுக்கட்டடம்.
டெட்டால் நெடியும் மத்திக்குழம்பு வாசமும் ஒன்றாய் வரும்.
இரவு முழுக்க விழித்திருந்த ஹவுஸ் சர்ஜன் ஒருத்தி
ஒரு லாரிக்காரரின் கையில் இரண்டுமுறை குத்தியும்
நரம்பு அகப்படவில்லை.
"ஸாரி சேட்டா, எனிக்குக் கிட்டுன்னில்ல" என்று
வார்டுக்கே கேட்கச் சொல்லிவிட்டு
சீனியரைக் கூப்பிட்டாள்.
வந்தவள் திட்டவில்லை.
இவள் கையைப் பிடித்து
இவள் கையாலேயே ஏற்றவைத்தாள்.
எனக்குத் தொண்டை அடைத்தது.

அதே சீனியர் பிறகு கேன்டீனில்
டீ ஆறிப்போச்சு என்று
கிளாஸ் கழுவும் பையனிடம் எரிந்து விழுந்தாள்.
எழுதிக்கொண்டேன்.
தண்ணீரே கலக்காத பால்
சொசைட்டிக்கு என்றைக்கு வந்திருக்கிறது?

நேற்று சாயங்காலம்
கணவாய்க் காற்று பனைகளை உலுக்கிக்கொண்டிருந்தது,
கரண்டும் இல்லை.
கொட்டகையில் கறந்துகொண்டிருந்தேன்.
போன் துடித்தது.
ஏதோ மாநிலம் வரவேற்கிறது, வரவேற்கட்டும் என்று
கன்றை அவிழ்த்துவிட்ட பிறகுதான் பார்த்தேன்.

அழைப்பு.
நீரூற்றுக் கல்லூரி.

துள்ளிக் குதித்தது நான்தான்,
மறைக்க மாட்டேன்.
செலினுக்குப் போன் போட்டதும் நான்தான்.
வாளியில் நுரை அடங்கிய பிறகே
அந்த நாலு தலைகள் ஞாபகம் வந்தன.

மலையடியிலிருந்து
இன்னும் ஒன்றும் வரவில்லை.
வியாழக்கிழமைக்குள் வராது.

கடைசியில் கேட்பார்களாம்,
எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறாயா என்று.
மாட்டின் முன்னால் நின்று
மூன்று பாஷையிலும் சொல்லிப் பார்க்கிறேன்:
இங்கே ஊசி ஏற்ற முடியாதவள்
யாரைக் கூப்பிடலாம்?
இங்கிலீஷில் மட்டும் பாதியில் உடைகிறது.
கேட்டால் சீட்டுப் போய்விடுமோ என்பது
எந்தப் பாஷையிலும் உடையவில்லை.

துணைக்கு வரும் அப்பாவின்
வெள்ளைச் சட்டையை எடுத்தால்
மூன்றாவது பொத்தானைக் காணோம்.
டப்பாவில் நீலம்தான் இருந்தது, தைத்துக் கொடுத்தேன்.
போட்டுக்கொண்டு
குனிந்து அதையே பார்க்கிறார்,
நல்லாயிருக்கா, நல்லாயிருக்கா என்று.

நிமிர்ந்து நில்லுங்கப்பா என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.