ஏறி நின்று பார்த்தது

மைல்ஸ் சிட்டிக்கு வெளியே,
சரளைக்கல்லும் நகரும் காற்றில்,
ஆர்லிஸ் மூன்று டிரெய்லர்களை நிறுத்தியிருந்தார்.
முதலாவது வெள்ளை வெளேரென்று.
பக்கத்தில் ஒரு குதிரை வரைந்திருந்தது,
நாலு காலும் தரையில் படாமல்.
"இதுதான் உங்களுக்கு" என்றார்.

உள்ளே போய் ரப்பர் விரிப்பைப் புரட்டினேன்.
மூத்திர நெடி கண்ணில் ஏறியது.
ஸ்க்ரூடிரைவரைப் பலகையில் வைத்தேன்.
அழுத்தவில்லை, வைத்தேன்.
வாழைப்பழத்தில் ஊசியாக
பிடிவரைக்கும் இறங்கிற்று.
ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தார்,
பதில் அங்கே எழுதியிருப்பதுபோல்.

ஐந்நூற்றைம்பது கிலோ என் பட்டன்.
அந்தப் பலகைமேல், அதன் கீழே ஓடும் தார்ச்சாலைமேல்
அவளை ஒரு கணம் நிறுத்திப் பார்த்தேன்.
சட்டென்று இறக்கிவிட்டேன்.

இரண்டாவதில் உயரம் போதாது.
பயந்தால் தலையைத் தூக்குவாள் பட்டன்.
பயம் வராது என்று யார் எழுதிக்கொடுப்பது?

மூன்றாவது கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது.
உரிந்த பெயின்டுக்கு அடியில் இன்னொரு பெயின்ட்,
தீவனத் தொட்டியில் அடைகாக்கும் கோழி.
பலகை 'டொக்' என்றது.
கொக்கி கழன்றால் தானே பிடிக்கும் பிரேக், அதன் கம்பியை
இழுத்துப் பார்த்தேன், சக்கரம் கவ்வியது.
நடுத்தடுப்பு தரைவரை வரவில்லை,
கால் அகட்டி நிற்கலாம்.
ஜன்னல் நாலு. ஒன்று திறக்காது.

அப்புறம் செய்ததைத்தான்
இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.
மைத்துனன் டெல்மரிடம் சாவியைக் கொடுத்து
"வேலிவரை ஓட்டு, நான் பின்னால் நிற்கிறேன்" என்றேன்.
"புத்தி பிசகிடுச்சா, வெர்னா?"
தாழ் விழுந்தது.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்,
குதிரைக்குக் கை கிடையாதே.
முதல் பள்ளத்தில் முழங்கால் மடிந்தது.
வளைவில் மொன்டானா மொத்தமும்
என் இடது தோளில் சாய்ந்தது.
எங்கே போகிறோம், எப்போது நிற்போம்,
யாரும் சொல்லவில்லை.
சங்கிலிச் சத்தம்.
திறக்காத ஜன்னலில் முட்டி முட்டி ஒரு ஈ.
பிறகு டெல்மர் பிரேக்கை மிதித்தான்.
நெற்றி கம்பியில் இடித்தது.

அவன் மோசமாக ஓட்டவில்லை.
பன்னிரண்டு வருஷமாக
நானும் அப்படித்தான் மிதித்திருக்கிறேன்.

ஆர்லிஸ் ஒரு விலை சொன்னார், நான் பாதி சொன்னேன்.
கோழிதான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.
வாளியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனார்,
கையெல்லாம் கொத்து.

காலி வண்டியோடு நாற்பது மைல்.
திருப்பம் வருமுன்பே வேகத்தைக் குறைத்தேன்.
பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்,
அடிக்கட்டும்.

வீட்டில் கதவைத் திறந்தால்
தொட்டியின் மூலையில், வைக்கோலுக்குள்,
அவர் மறந்துபோன இரண்டு முட்டைகள்.
ஒன்று முழுசாக.
மற்றது,
அந்த ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்போதாக இருக்கும்.