பதினொரு இடங்கள்

நடுத்தவணைக்கு ஒரு கிழமை விடுமுறை.
மண்ணியல் கொப்பியின் பின்னட்டையில்
பதினொரு இடங்களை எழுதி எண் போட்டேன்.
பாளையங்கோட்டையிலிருந்து கடல் தாண்டி வந்து
அறிவியல் நகரில் படிக்கிறவள்
விடுதிக்கும் வயலுக்கும் நடுவே
ஆறு மாதத்தில் பார்த்த ஒரே அதிசயம்
கன்ரீன் பூனை.

யசோதினியிடம் ஸ்கூட்டி இருந்தது.
"பெற்றோல் உன்ர, ஓட்டம் என்ர."

திங்கள், இரணைமடு.
நான் அணை என்றேன், அவள் குளம் என்றாள்.
எதிர்க்கரை தெரியவில்லை.
எங்கள் ஊர்க் குளத்துக்குள் பஸ் ஸ்டாண்டு நிற்கிறது என்றேன்.
"பொய் சொல்லாதை."
காற்று இரண்டு பேரின் தலைமுடியையும்
ஒன்றாகப் பின்னப் பார்த்தது.

செவ்வாய் பூநாரை பார்க்கச் சுண்டிக்குளம்.
மணலில் ஸ்கூட்டியைத் தள்ளித் தள்ளி
கடைசியில் கண்டது
தொலைவில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு.
பறவையா, வெக்கையா, தெரியாது.
பார்த்தாயிற்று என்று பட்டியலில் அடித்தேன்.

புதன்கிழமை ரயர் கடைக்காரரைப் பார்த்தோம்.
காலை தொடங்கி மாலை வரை.

வியாழன் பஸ்ஸில் மடு.
போக மூன்று மணிநேரம், வர நாலு.
மெழுகுதிரி ஏற்றினேன். யாருக்கு என்று கேட்டாள்.
மண்பரிசோதனை அறிக்கைக்கு என்றேன்.
சிரித்ததில் முன்வரிசை அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளி விடிய வெளிக்கிட்டோம்.
பரந்தன் கழிய, தார்வீதியில் பாதி நெல்லுக்கு.
மற்றப் பாதியில்
வாகனங்கள் மரியாதையாக ஒதுங்கிப் போயின.
விசுவமடுவில் பிளேன் ரீ, புதுக்குடியிருப்பில் ரோல்ஸ்.
கைப்பேசியை உயர்த்திப் பிடித்தே வந்தேன்:
பனை, பனை, மாடு, பெயர்ப்பலகை, பனை.
அதற்கப்பால் அவள் வேகம் குறைத்தாள்.
பள்ளம் ஒன்றும் இல்லை. நல்ல வீதி.

வட்டுவாகல் பாலம் ஒற்றை வழி.
எதிரே லொறி. இந்தக் கரையில் காத்து நின்றோம்.
வலப்பக்கம் நந்திக்கடல்.
முழங்கால் தண்ணீரில் ஒருவர் வலை வீசினார்.
படத்துக்கென்றே விழுந்த வெளிச்சம்.
"இறங்கி நில்லு, ஒண்ணு எடுக்கேன்" என்றேன்.
அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"ஆறு வயசில இதால வந்தனான்.
இடம் பாக்கேல்ல.
அம்மாவின்ர சட்டைத் தொங்கலைத்தான் பாத்தனான்.
நீலம். சின்னச் சின்ன வெள்ளைப் பூ."

லொறி கடந்தது. சாரதி கை காட்டினார்.
கைப்பேசியை எந்தப் பைக்குள் வைப்பது என்று
தெரியவில்லை எனக்கு.
கையிலேயே திரை அணைந்தது.

நடுப்பாலத்தில் அவளே நிறுத்தினாள்.
"இப்ப எடு. கெதியா.
என்னை இல்லை, தண்ணியை."
பின்னால் யாரோ ஹோன் அடிக்க,
"சரி, என்னையும்."

முல்லைத்தீவில் மீன் வாங்கவில்லை, விலை கேட்டோம்.
வற்றாப்பளையில்
உப்புத்தண்ணீரில் விளக்கு எங்கே எரியும் என்று விசாரித்தேன்.
"வைகாசியில வாங்கோ பிள்ளை,
இப்ப விளக்கு எண்ணெயிலதான் எரியுது."
ஒட்டுசுட்டான் காட்டுவழியில்
யானைக் கவனப் பலகைகள் ஒன்பது.
யானை இல்லை.

சனி. முதுகு, கழுத்து, மூக்கு நுனி, எல்லாம் எரிவு.
தூங்கினோம்.

ஞாயிறு அம்மா எடுத்தாள்.
"ஏட்டி, நல்லாச் சுத்துனியா?"
"ஓம்."
"என்னது ஓமா? கோயில்லயா இருக்க?"
இல்லை, விடுதியில், வாளிக்குப் பக்கத்தில்,
துணியிலிருந்து மணலை உதறிக்கொண்டு.
யானை பார்த்தாயா என்றாள். பலகையைச் சொன்னேன்.
பாலத்தைச் சொல்ல
வாயெடுத்து, வேறு எதையோ சொன்னேன்.

இரவு. நாளைக்கு அறிக்கை.
மண் மாதிரி ஏழு: செம்பழுப்பு, ஈரப்பதம் குறைவு.
எதிர்க்கட்டிலில் யசோதினி
அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு என் கொப்பியைப் பறித்து
பின்னட்டையை எண்ணினாள்.
சுண்டிக்குளத்துக்கு நேரே நான் போட்ட கோட்டில்
அழிறப்பரை வைத்துத் தேய்த்தாள்.

"அது பறவைதான் எண்டு
நீ சத்தியம் பண்ணுவியோ?"
இல்லை என்றேன்.
"அப்ப இது பாத்ததில சேராது.
பேந்து போவம்."